இலைப்புரதம் ஏன் தட்டுக்கு வந்து சேரவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

100 கிலோ குதிரை மசாலை (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) அறுத்து, அரைத்து, பிழிந்து, சாற்றைக் கொதிக்க வைத்தால் கடைசியில் துணியில் தங்குவது 5 முதல் 6 கிலோ கரும்பச்சைத் திரள். அதிலும் சுமார் 60 சதவீதம் தண்ணீர். உலர்த்திப் பொடித்தால் 2 கிலோவுக்குச் சற்று மேல் இலைப்புரதம் தேறும். மிச்சம் 45 கிலோ சக்கை, ஏறக்குறைய அதே அளவு பழுப்பு நிறத் தெளிநீர்.

இலைப்புரதத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்த 2 கிலோவைப் பற்றியே எழுதினார்கள். அதில் பாதிக்கு மேல் புரதம், அமினோ அமிலச் சேர்க்கை நல்ல தரம், ஒரு ஏக்கரில் வேறெந்தப் பயிரும் இவ்வளவு புரதம் தராது என்றெல்லாம் சொன்னார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் இந்தத் தொழில் நின்றதும் விழுந்ததும் மிச்சமிருந்த 90 கிலோவால்தான். சக்கைக்கு மாடு இருந்த இடத்தில் ஓடியது. இல்லாத இடத்தில், நன்கொடைப் பணம் தீர்ந்த மாதமே இயந்திரம் துருப்பிடித்தது.

வைரஸ் தேடியவர் கையில் சிக்கிய சாறு

இலையிலிருந்து புரதத்தைப் பிரிக்கலாம் என்பது பழைய சேதி. பிரான்சில் இலேர் மரேன் ருவெல் 1773-லேயே பச்சைச் சாற்றைச் சூடாக்கித் திரளைப் பிரித்து விவரித்திருக்கிறார். 'பயோடெக்னாலஜி' என்ற சொல்லை 1919-இல் உருவாக்கிய ஹங்கேரிக்காரர் கார்ல் எரெக்கி, 1920-களில் பச்சைத் தழையைப் பிழிந்து கால்நடைத் தீவனமாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மனிதன் சாப்பிடும் பொருளாக இதை நிறுத்த முயன்றவர் நார்மன் விங்கேட் பைரி.

பைரி உயிர்வேதியியலாளர். 1930-களின் நடுவில் ஃபிரடெரிக் பாடனுடன் சேர்ந்து புகையிலைத் தேமல் வைரஸைப் பிரித்தெடுத்து, அதில் புரதத்தோடு நியூக்ளிக் அமிலமும் இருக்கிறது என்று காட்டியவர். அந்த வேலைக்கு வண்டி வண்டியாக இலையை அரைத்துச் சாறு பிழிய வேண்டும். வைரஸ் வேண்டும், இலையின் சொந்தப் புரதம் வேண்டாம். தொல்லை என்று கழித்துக் கொட்டிய அந்தப் புரதம், போர் வந்து பிரிட்டனின் உணவுக் கப்பல்கள் மூழ்கத் தொடங்கியதும் வேறு கண்ணில் பட்டது. இலைப்புரதத்தை மக்கள் நேரடியாக உண்ணலாம் என்று 1942-இல் எழுதினார். போர்க்காலத்தில் அது நடக்கவில்லை. போர் முடிந்தபின் ஹார்ப்பெண்டனில் உள்ள ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் அதையே பிடித்துக்கொண்டு, 1997-இல் இறக்கும்வரை விடவில்லை.

அவருடைய பங்களிப்பில் பாதி வேதியியல், பாதி கொல்லன் பட்டறை. கரும்பாலை உருளையும் எண்ணெய்ச் செக்கும் இலைக்குச் சரிவராது என்பதை அவர் கூட்டம் தெளிவாக்கியது. கரும்பில் தேவைப்படுவது அழுத்தம். இலையில் முதலில் ஒவ்வொரு செல்லும் கிழிய வேண்டும், அதற்குத் தேய்ப்பும் அடியும்தான் வழி. கிழிந்தபின் பிழிவதற்குப் பெரிய அழுத்தம் வேண்டியதில்லை. மெல்லிய அடுக்காகப் பரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 2, 3 கிலோ கொடுத்து, சாறு வழிய நேரம் விட்டால் போதும். தடித்த மூட்டையாக வைத்து எவ்வளவு நெரித்தாலும் வெளி ஓரம் இறுகிக்கொண்டு உள்ளே சாறு சிக்கிக்கொள்ளும். கிராம அளவில் ஓடக்கூடிய அரைவையும் பிழிவையும் அங்கே வடிவமைத்தார்கள். சர்வதேச உயிரியல் திட்டத்தின் கீழ் 1960-களின் பிற்பகுதியில் அந்த வகை இயந்திரங்கள் பல நாடுகளுக்குப் போயின. இந்தியாவில் மைசூர், ஔரங்காபாத், கோயம்புத்தூர் மூன்றும் இதில் முக்கியமான ஊர்கள்.

விளைச்சலிலும் அவர் சொன்னது வெறும் பேச்சாகப் போகவில்லை. ரோதம்ஸ்டெட்டின் குளிர் மண்ணில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 டன் புரதத்தைப் பிரித்தெடுக்க முடிந்தது. ஆண்டு முழுக்க வெயிலும் பாசனமும் உள்ள ஊர்களில், 25 முதல் 30 நாளுக்கு ஓர் அறுப்பு என்ற கணக்கில், குதிரை மசால் இதைத் தாண்டும்.

பானைக்குள் நடப்பது

செய்முறை சொல்வதற்கு எளிது. கெடுப்பதற்கும் எளிது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இலையின் தேர்வு. எல்லா இலையும் ஆகாது. நீர்ச்சத்து நிறைந்த, துவர்ப்பில்லாத, வழவழப்பில்லாத இலைதான் வேண்டும். மாவிலை மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்தவற்றில், அரைத்த கணமே டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சக்கையோடு நின்றுவிடும், சாறு வெறும் நிறத் தண்ணீராக வரும். வழவழப்பான இலையில் கூழ் துணியை அடைத்துக்கொள்ளும், ஒரு சொட்டு இறங்காது. குதிரை மசால், பெர்சீம் என்ற தீவனப் பயிர், தட்டைப்பயற்றுத் தழை, சில கீரை வகைகள், முட்டைக்கோஸின் வெளி இலை ஆகியவை நன்றாக வருபவை. குதிரை மசாலைப் பூக்கும் முன்பே அறுக்க வேண்டும். பூ வந்துவிட்டால் தண்டு நார் ஏறி, பிரியும் புரதத்தின் பங்கு மளமளவென்று இறங்கும். வைக்கோலுக்கு அறுக்கும் பருவம் வேறு, இதற்கு அறுக்கும் பருவம் வேறு.

அதிகாலையில் அறுத்ததை அன்றே, முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும். குவியலாகப் போட்ட பச்சைத்தழை உள்ளே சூடேறும். வாடினால் சாறு குறையும். அரைத்தபின் பொறுமைக்கு இன்னும் இடம் குறைவு. குதிரை மசாலின் சாற்றிலேயே புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்த சாற்றில் புரதத்தின் ஒரு பகுதி சிறு துண்டுகளாகி, சூடு பட்டாலும் திரளாமல் தெளிநீரோடு ஓடிவிடும். அதே நேரத்தில் இலையின் ஃபீனால்கள் காற்று பட்டுப் பழுப்பேறி, லைசின் என்ற அமினோ அமிலத்தைப் போய்க் கட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் அளந்தால் புரதம் இருப்பதாகவே காட்டும், உடம்பு அதைப் பயன்படுத்திக்கொள்ளாது. ஆலைகளில் இதைத் தடுக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சிறிதளவு சேர்ப்பார்கள். சிறிய அளவில் ஒரே மருந்து வேகம்தான்.

வீட்டு மிக்சியில் அரை கிலோ கீரையை வைத்துச் சோதித்துப் பார்ப்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது இன்னோர் இடத்தில். பிளேடு சுழல வேண்டும் என்று தண்ணீர் ஊற்றுகிறார்கள். செல் நன்றாகவே கிழிகிறது, ஆனால் கூழ் மாவு மாதிரி நைந்து துணியை அடைக்கிறது. ஊற்றிய ஒவ்வொரு லிட்டரையும் பிறகு கொதிநிலைக்குச் சூடாக்க வேண்டும். 100 கிலோ இலையிலிருந்து வரும் 50 லிட்டர் சாற்றை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 15 மெகாஜூல் வெப்பம் வேண்டும். சமையல் எரிவாயு அடுப்பில் அரை கிலோ எரிவாயு, சாதாரண விறகடுப்பில் 5, 6 கிலோ விறகு. தண்ணீர் கலந்து சாற்றை இரட்டிப்பாக்கினால் விறகும் இரட்டிப்பு. கிராமத்துக்கான தொழில் என்று பேசும்போது இந்த விறகுக் கணக்கைப் பலர் விழுங்கிவிடுகிறார்கள்.

இனி சூடாக்கும் கட்டம். தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சாற்றைக் குளிர்ந்த பானையில் ஊற்றி அடுப்பில் வைத்து மெல்லச் சூடேற்றுவதுதான் சமையல்காரரின் இயல்பான வழி, ஆனால் இங்கே அது தவறு. இரண்டு காரணங்கள். ஒன்று, மெல்லச் சூடான திரள் பஞ்சு மாதிரி மெத்தென்று வரும், தண்ணீரை விடாது, பிழியும்போது துணியின் கண்ணில் ஏறும். இரண்டாவது காரணம் கனமானது. இலையில் குளோரோஃபிலேஸ் என்ற நொதி உண்டு. இளஞ்சூட்டில் அது சுறுசுறுப்பாகி, பச்சையத்தின் வாலைக் கழற்றிவிடும். அப்படிக் கழன்ற பச்சையம் அமிலம் பட்டால் ஃபியோஃபார்பைடு ஆகும். அது குடலிலிருந்து ரத்தத்தில் சேர்ந்து, வெயிலில் நிற்பவரின் தோலைச் சிவக்கவும் தடிக்கவும் வைக்கும். 1970-களில் ஜப்பானில் குளோரெல்லா பாசி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்த தோல் பாதிப்பின் காரணம் இதே பொருள்தான்.

ஆகவே சாறு அந்த நடுச்சூட்டை நொடிகளில் தாண்ட வேண்டும். ஆலையில் நீராவியை நேரே சாற்றுக்குள் செலுத்துகிறார்கள். அடுப்பில் செய்பவர்களுக்கு வழி இது: அடி கனத்த பாத்திரத்தில் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீரை, இரண்டாவது ஈடு என்றால் முந்தைய ஈட்டின் தெளிநீரை, தளதளவெனக் கொதிக்க விட்டு, அதில் சாற்றை மெல்லிய தாரையாக, கொதி அடங்காத வேகத்தில் ஊற்றிக்கொண்டே போவது. பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது, ஏனென்றால் குதிரை மசாலில் சபோனின் உண்டு, நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

திரள் மேலே மிதக்கும். அடியில் தெளியும் நீரின் நிறத்தைப் பார்த்தாலே வேலை முடிந்ததா என்று சொல்லிவிடலாம். தேநீர் வடிகட்டியது போலத் தெளிந்த பழுப்பாக இருந்தால் சரி. பச்சை கலங்கி நின்றால் சூடு போதவில்லை. அந்த நேரத்தில் கரண்டியைப் போட்டுக் கலக்காமல் இருப்பதுதான் கஷ்டமான காரியம். கலக்கினால் திரள் நொறுங்கித் துகளாகி வடிகட்டவே முடியாமல் போகும். 5 நிமிடம் அப்படியே விட்டு, மேலே ஒட்டித் திரண்டதை அள்ளி, நெருக்கமான பருத்தித் துணியில் போட்டுப் பாரம் ஏற்ற வேண்டும். லாரி ஜாக்கியைச் சட்டத்தில் பொருத்திப் பிழிவது பல நாடுகளில் ஓடிய மலிவான வழி. கையில் எடுத்து அமுக்கினால் கட்டியாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் 60 சதவீத ஈரம்.

சுவை கசந்தால், புல்வாடை தூக்கலாக இருந்தால், திரளைக் கொதிநீரில் மறுபடி கரைத்து, எலுமிச்சையோ வினிகரோ விட்டு, பி.எச். 4 அளவுக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை பிழிவது நல்லது. கசப்பும் மிச்சமிருந்த ஆல்கலாய்டுகளும் நீரோடு போகும், அமிலம் இருப்பதால் ஓரிரு நாள் கூடுதலாகவும் தாங்கும். ஆனால் நிறம் போகும். இலைப்பச்சை ஆலிவ் நிறமாக, கொஞ்சம் சேறு போல மாறும். பார்க்க நன்றாக வேண்டுமா, சுவை நன்றாக வேண்டுமா என்ற இந்தப் பேரத்தில் இலைப்புரதம் ஒருபோதும் முழுதாக ஜெயித்ததில்லை.

உலர்த்துவதில் இன்னொரு கண்ணி. ஈரத்திரள் சீஸ் மாதிரி: வெளியே வைத்தால் ஒரே நாள். கட்டியாக உலர்த்தினால் வெளித்தோல் காய்ந்து இறுகி உள்ளே புளிக்கும். இடியாப்ப உழக்கில் போட்டு நூலாகப் பிழிந்து தட்டில் பரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. நேர் வெயில் ஆகாது, பீட்டா கரோட்டின் வெளுத்துப்போகும். நிழலில் காற்றோட்டமாக, அல்லது மூடிய சூரிய உலர்த்தியில், 60 டிகிரிக்கு மேல் போகாமல். சூடு மிஞ்சினால் பொடி மணல் போல நறநறக்கும், எதில் கலந்தாலும் நாக்கில் தட்டும். நன்றாக உலர்ந்ததை மாவாக அரைத்து, ஒளி புகாத டப்பாவில் காற்று இல்லாமல் அடைக்க வேண்டும். இதில் கொழுப்பும் கணிசமாக உண்டு, காற்றுப்பட்டால் காறல் வாடை வரும்.

பழுப்புத் தெளிநீர் குடிக்க அல்ல. இலையின் நைட்ரேட், கரையும் ஆக்சலேட், குதிரை மசாலில் உள்ள கானவனைன் என்ற நச்சுப்பொருள் போன்றவை பெரும்பாலும் அதில்தான் போய்ச் சேர்கின்றன. பொட்டாசியமும் சர்க்கரையும் இருப்பதால் நீர்த்து வயலுக்கு விடலாம். நீர்க்காமல் ஒரே இடத்தில் ஊற்றினால் பயிர் கருகும், மறுநாள் நாற்றமெடுக்கும். சக்கை வேறு சமாச்சாரம். அதில் இன்னும் புரதம் மிச்சமிருக்கிறது, நார் அரைபட்டிருப்பதால் மாட்டுக்கு நல்ல தீவனம். ஆனால் அன்றே போட வேண்டும், இல்லையென்றால் காற்றுப் புகாமல் மிதித்து ஊறுதீவனமாக்க வேண்டும். மறுநாள் காலை புளித்த வாடையடிக்கும் சக்கையை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது

உடம்பில் ஒட்டுமா என்ற கேள்விக்குப் பதில் சீக்கிரமே கிடைத்தது. ஜமைக்காவில் ஊட்டக்குறைவிலிருந்து தேறிவரும் கைக்குழந்தைகளுக்குப் பாலோடு இலைப்புரதம் கொடுத்து ஜான் வாட்டர்லோ 1962-இல் வெளியிட்ட ஆய்வில், பாலைவிடச் சற்றுக் குறைவாகச் செரித்தாலும் குழந்தைகள் அதை ஏற்றுக்கொண்டு நைட்ரஜனை, அதாவது புரதத்தை, உடம்பில் தேக்கினார்கள். மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் 1969-இல் வெளியிட்டது நமக்கு இன்னும் நெருக்கமானது. கேழ்வரகையே முக்கிய உணவாகச் சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகள். கேழ்வரகில் குறைவது லைசின். ஒரு கூட்டத்துக்கு லைசினையே சேர்த்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு இலைப்புரதம். இரண்டிலும், வெறும் கேழ்வரகு உணவு உண்டவர்களைவிட வளர்ச்சி கூடியது. தானியத்தில் குறைவதை இலை நிரப்புகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் ஸ்ரீ அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி எடுத்துக்கொண்டது அடுத்த கேள்வி: பிள்ளை வாயில் வைக்குமா? ராஜம்மாள் தேவதாஸ் தலைமையில் அங்கிருந்தவர்கள் இலைப்புரதம் சேர்த்த பண்டங்கள் எந்த அளவுக்கு ஏற்கப்படுகின்றன என்று சோதித்து 1969-இல் வெளியிட்டார்கள். பிறகு பள்ளி செல்லா வயதுப் பிள்ளைகளுக்குக் கடலைமாவோடு சேர்த்துக் கொடுத்த சோதனைகளும் நடந்தன. ஔரங்காபாத்தில் மராத்வாடா பல்கலைக்கழகத்தின் ஆர்.என். ஜோஷி பயிர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். எந்தப் பயிர், எத்தனை அறுப்பு, எவ்வளவு உரத்துக்கு எவ்வளவு புரதம் என்ற கணக்கில் இந்தியாவில் கிடைப்பதில் பெரும்பகுதி அவர் கூட்டத்துடையது.

சமையலறையில் தேறிய பாடம் சிறியது, ஆனால் மாறாதது. ஆளுக்கு 5 முதல் 10 கிராம் உலர்பொடி வரை, ஏற்கெனவே கறுத்தோ பச்சையாகவோ இருக்கும் பண்டத்தில் மறைத்தால் ஓடும். கொத்தமல்லித் துவையல், கீரை மசியல், வெல்லமும் எள்ளும் சேர்ந்த உருண்டை. வெள்ளை இட்லியில் கலந்தால் எவ்வளவு சத்தென்று சொன்னாலும் தட்டு திரும்பி வரும். 10 கிராமைத் தாண்டினால் உருண்டையிலும் புல்வாடை எட்டிப் பார்க்கும்.

இந்த 10 கிராம் வரம்புதான் பெரிய கணக்கைக் கவிழ்த்தது. 10 கிராம் பொடியில் 5 கிராம் புரதம். 150 மில்லி பாலில் இருப்பது அவ்வளவே. ஏக்கருக்கு எத்தனை டன் விளைந்தால் என்ன, ஒரு வாய் வழியாக ஒரு நாளில் போவது இவ்வளவுதான்.

புரதப் பஞ்சம் காகிதத்தில் மறைந்தது

1968-இல் ஐக்கிய நாடுகள் அவையின் அறிவியல் ஆலோசனைக் குழு, உலகம் புரத நெருக்கடியை நோக்கிப் போகிறது என்று அறிக்கை விட்டது. மீன்மாவு, பெட்ரோலியத்தில் வளர்த்த ஈஸ்ட், பாசி, இலைப்புரதம் எல்லாம் அந்த அலையில் ஏறின. 1973-இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் மனிதருக்குத் தேவையான புரத அளவைக் கீழே இறக்கின. புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே ஏற்கெனவே இந்தியத் தரவை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஏழைக்குக் குறைவது புரதம் என்று தனியாக ஒன்றல்ல, சாப்பாடுதான் குறைகிறது, வயிறு நிறையச் சோறும் பருப்பும் கிடைத்தால் புரதம் கூடவே வந்துவிடும். 1974-இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மெக்லாரன் 'லான்செட்' மருத்துவ இதழில் மொத்தப் புரதப் பரப்புரையையும் பெருந்தோல்வி என்று எழுதினார். வண்டி நின்றது.

மெக்லாரன் பக்கம் நியாயம் இருந்தது. பைரி பக்கம் இருந்த நியாயம் வேறு இடத்தில். இலைத்திரளைப் 'புரதம்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்ததே பிழை. அதில் புரதத்தோடு வரும் பீட்டா கரோட்டின், இரும்பு, வைட்டமின் கே ஆகியவற்றை யாரும் முன்வரிசையில் வைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் இந்தியாவில் வைட்டமின் ஏ குறைவால் பார்வை இழந்த பிள்ளைகள் கண்முன்னே இருந்தார்கள். புரதத்துக்குச் சோயாவும் கடலைப் பிண்ணாக்கும் இதைவிட மலிவு, நாள்கணக்கில் கெடாது, வெள்ளையாகவும் இருந்தன. சோயாவோடு போட்டி போட்டு அது ஜெயிக்க வாய்ப்பே இருக்கவில்லை.

இன்னொரு போட்டியாளர் வீட்டு வாசலிலேயே நின்றது. முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தால் போதும், அரைவையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். நாரும் கூடவே வரும்தான். ஆனால் நேரே சாப்பிடக்கூடிய இலை கையில் இருக்கும்போது அதைச் சாறு பிழிவது வீண்வேலை. மனிதர் உண்ணாத தழை மலிந்த இடத்தில், அல்லது ஒரு கிண்ணம் கீரையை வயிற்றில் அடக்க முடியாத சிறுபிள்ளைக்கு மட்டுமே பிழிவதற்கு அர்த்தம் உண்டு.

கோழி மஞ்சள் காப்பாற்றிய ஆலை

பெரிய அளவில் நீடித்து நின்றது பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில். அங்கே குதிரை மசாலை உலர்த்தித் தீவன உருண்டை செய்யும் ஆலைகள் இருந்தன. உலர்த்த எரிபொருள் செலவு. உலர்த்துமுன் ஒரு பகுதிச் சாற்றைப் பிழிந்துவிட்டால் ஆவியாக்க வேண்டிய நீர் குறையும். பிழிந்த சாற்றைத் திரட்டினால் கோழித் தீவனம். அதில் மிகுந்திருக்கும் சாந்தோஃபில் என்ற நிறமி முட்டை மஞ்சளை ஆரஞ்சாக்கும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் வேளாண் துறை ஆய்வுக்கூடம் உருவாக்கிய முறைக்கே 'புரோ-சான்' என்று பெயர்: புரதமும் சாந்தோஃபிலும். மனிதர் முகம் சுளித்த பச்சை நிறத்துக்குக் கோழிப்பண்ணை காசு கொடுத்தது.

சக்கைக்கு விலை, சாற்றுக்கு விலை, ஒன்றின் செலவை இன்னொன்று தாங்கியது. அந்த ஆலையிலிருந்துதான் மனிதருக்கான இலைத்திரளும் வந்தது. குதிரை மசால் இலைத்திரளை உணவுச் சேர்க்கைப் பொருளாக விற்க ஐரோப்பிய ஆணையம் 2009-இல் அனுமதித்தது. நாளுக்கு 10 கிராம் என்பதே அதன் உச்சவரம்பு. கோயம்புத்தூர்த் துவையலும் ஆணையத்தின் பிரஸ்ஸல்ஸ் கோப்பும் ஒரே எண்ணில் வந்து நின்றது தற்செயல்தான், ஆனாலும் நினைவில் நிற்கும். கானவனைன் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமையும், ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும் கூமெஸ்ட்ரால் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று நிபந்தனை. குதிரை மசாலை வீட்டளவில் எடுப்பவர்கள் திரளை நன்றாகப் பிழிந்து கழுவுவதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த எண்களே காரணம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே நிறைந்த இந்தப் பொடியை மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூரில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, இலைத்திரளை அதன் சரியான கட்டத்தில் வைத்தது. ரத்தசோகை உள்ள 14 முதல் 18 வயதுப் பெண்கள் 102 பேர், 3 மாதம். ஒரு பாதிக்கு நாளும் 60 மில்லிகிராம் இரும்பு உள்ள வழக்கமான மாத்திரை. மறுபாதிக்கு 5 மில்லிகிராம் மட்டுமே இரும்பு தரும் இலைத்திரள். இரண்டு பக்கமும் ஹீமோகுளோபின் ஏறியது. மாத்திரையைவிட இலைத்திரளைப் பெண்கள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். இரும்பு மாத்திரை வயிற்றைப் பிசைகிறது என்று ஜன்னல் வழியே எறிவது எந்தப் பள்ளிக்கும் புதிதல்ல. எறியாத 5 மில்லிகிராம், எறிந்த 60-ஐவிட மேல்.

பச்சையைக் கழித்தபின்

இப்போது பணம் பாய்வது பச்சைத் திரளில் அல்ல, அதற்குள் இருக்கும் வெள்ளைப் புரதத்தில். இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை ஒரே பொருள், ரூபிஸ்கோ. காற்றின் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி. 8 பெரிய துணுக்கும் 8 சிறிய துணுக்கும் சேர்ந்த பெரிய மூலக்கூறு. 1947-இல் சாம் வைல்டுமேனும் ஜேம்ஸ் பானரும் இலைச் சாற்றில் 'முதல் பின்னம்' என்று பிரித்துக் காட்டியது இதைத்தான். நிறமில்லை, வாடையில்லை. முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கும், சூட்டில் கூழாக இறுகும். அடுமனைக்காரர்கள் இதன் பின்னால் வருவதற்குக் காரணம் சத்தல்ல, இந்த நடத்தை.

பிரிப்பதன் சூட்சுமம் பழைய ஆல்பனி முறையில் இருந்ததே. சாற்றை 50 முதல் 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் பச்சையம் ஒட்டிய சவ்வுப் புரதங்கள் மட்டும் திரளும், ரூபிஸ்கோ கரைசலிலேயே நிற்கும். மையவிலக்கில் பச்சையைக் கழித்துவிட்டு மிச்சத்தை 80 டிகிரிக்கு ஏற்றினால் வெள்ளைத் திரள். ஆனால் சூட்டில் திரண்டது திரும்பக் கரையாது, நுரைக்காது, ஆகவே இப்போது சவ்வு வடிகட்டியில் குளிர்ச்சியாகவே செறிவாக்குகிறார்கள். சிக்கல் அதே பழைய எதிரி: 50 டிகிரியில் ஃபீனால் பழுப்பாக்கும் நொதி உயிரோடு இருக்கிறது. சல்ஃபைட் சேர்க்காமல் சில நிமிடம் தவறினால் வெள்ளை வெளிர்பழுப்பாகிவிடும். எஞ்சிய பச்சை ஒரு சொட்டு போனாலும் சவ்வு அடைபடும். விலை ஏறுவதெல்லாம் இந்தக் கட்டத்தில்.

நியூசிலாந்தின் கேன்டர்பரியில் லீஃப்ட் ஃபுட்ஸ் குதிரை மசாலிலிருந்தும், அமெரிக்காவில் பிளான்டிபிள் நிறுவனம் லெம்னா என்ற நீர்ப்பாசி போன்ற சிறு மிதவைச் செடியிலிருந்தும் ரூபிஸ்கோ எடுக்கின்றன. லெம்னாவின் கவர்ச்சி அதில் தண்டே இல்லை என்பது, தினமும் அள்ளலாம். அதன் பலவீனமும் நீரில்தான்: நீரில் உள்ள கன உலோகத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், எனவே குட்டையில் கிடைப்பதை அள்ள முடியாது, கட்டுப்பாடான தொட்டி வேண்டும், அதற்கு முதலீடு வேண்டும். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் ஃபூலுமில் நடத்தும் மாதிரி ஆலை புல்லையும் க்ளோவர் என்ற தீவனச் செடியையும் பிழிந்து, திரளைப் பன்றிக்கும் கோழிக்கும், சக்கையைப் பசுவுக்கும் அனுப்புகிறது. மனித உணவு அங்கே பட்டியலின் கடைசியில். அந்த வரிசைதான் ஆலையை ஓடவிடுகிறது.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சிறு அலகு போட நினைப்பவர் முதலில் விலை கேட்க வேண்டியது அரைவை இயந்திரத்துக்கு அல்ல. 100 கிலோ ஈடு ஒன்றுக்குத் தினம் 45 கிலோ ஈரச்சக்கை மிஞ்சும். மாடு ஒன்றுக்கு 10 முதல் 15 கிலோ என்றால் 3 முதல் 5 கறவை மாடு, பிழிந்த அன்றே தீவனத் தொட்டி முன்னால் நிற்க வேண்டும். மழைநாளிலும், பொங்கல் நாளிலும். அந்த மாட்டுக்காரர் சக்கைக்கு எவ்வளவு கொடுப்பார் என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை விறகுச் செலவுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபின் இயந்திரக் கடைக்குப் போகலாம்.